இணைவு ஆற்றல் ஆய்வாளராக என்ன படிக்க வேண்டும்?

கதிரவனின் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறுகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலே நமக்கு ஒளியாகவும் வெப்பமாகவும் வந்து சேர்கிறது. இதனைப் பூமியில் நிகழ்த்த முயல்பவரே அணுக்கரு இணைவு ஆய்வாளர்.

கேமரன் மலையில் பெய்யும் மழை ரிங்லெட் அணையில் தேங்கி, 1963 முதல் மின்சாரம் தந்து வருகிறது. அதே நீரில் வேறோர் எரிபொருளும் உண்டு. நீரிலுள்ள ஏறக்குறைய 6,400 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்று டியூட்டிரியம். அதை இணைத்து மின்சாரம் எடுக்க 10 கோடி பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. அவ்வெப்பத்தில் வாயு பிளாஸ்மாவாகிவிடும். எந்தப் பாத்திரமும் அதைத் தாங்காது என்பதால் காந்தப்புலத்தால் கட்டுப்படுத்துகிறார்கள்.

“இதெல்லாம் நமக்கு எதற்கு?” என்று தோட்டத்தில் கேட்பார்கள். நம் நாட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பேராசிரியர் லீ சிங் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று, ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1985-86இல் கோலாலம்பூரில் நடந்த ஐ.நா. பல்கலைக்கழகப் பயிற்சியில், ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவரது குழு சிறியதொரு பிளாஸ்மா கருவியை உருவாக்கியது. அதன் மின்தேக்கியில் சேமிக்கப்படுவது சுமார் 3 கிலோஜூல் ஆற்றல். ஒரு குவளைத் தேநீரை ஐந்து பாகைகூடச் சூடாக்காது. ஆனால், நொடியின் மில்லியனில் சில பங்கு நேரத்தில் அதை டியூட்டிரிய வாயுவில் பாய்ச்சினால், இணைவின் அடையாளமாக நியூட்ரான்கள் வெளிவரும். இதே வகைக் கருவி பின்னர் இந்தியா, பாகிஸ்தான், எகிப்து ஆய்வுக்கூடங்களிலும் இயங்கியது.

இத்துறைக்கான பாதை படிவம் 4இல் தொடங்குகிறது. இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் மூன்றும் வேண்டும். எஸ்.பி.எம். முடித்து, எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் வழியாக இயற்பியல் அல்லது பொறியியல் இளங்கலை. பிறகு முதுகலை, முனைவர் பட்டம். ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு.

என் தமிழ்ப்பள்ளித் தோழர்கள் சிலர் படிவம் 4இல் இயற்பியலைக் கைவிட்டனர். மதிப்பெண் குறைவால் அல்ல. “படித்தால் வேலை கிடைக்குமா?” என்ற பெற்றோரின் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாததால்தான்.

கேள்வி நியாயமானதே. 2022 டிசம்பரில் அமெரிக்க ஆய்வுக்கூடமொன்று, லேசர் செலுத்திய 2.05 மெகாஜூலுக்கு 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைப் பெற்றது. எனினும், இணைவு மின்நிலையம் உலகில் இன்னும் எங்கும் இல்லை. ஆயினும் வெற்றிடக் கருவிகள், உயர் மின்னழுத்தம், கணினிக் கணிப்பு ஆகியவற்றில் பெறும் திறன் வீணாகாது. சில்லுத் தொழிற்சாலைகளில் நுண்சுற்றுகளைச் செதுக்குவதும் பிளாஸ்மாவே.

தம்பி, தங்கைகளே! பாடத்தேர்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன், இப்பதிலை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.