குளியலறை ஓட்டைக்கு ஒரு பை

மழை வலுத்தால் எங்கள் சிந்தாதிரிப்பேட்டைச் சந்தில் எல்லாரும் வாசற்படிக்கு ஓடுவார்கள். நான் குளியலறைக்குப் போவேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் சரி, 2023 மிக்ஜாம் புயலிலும் சரி, எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் முதலில் வந்தது தரை ஓட்டை வழியாகத்தான். தெருத்தண்ணீர் படியைத் தொட்டது அதற்குப் பிறகு.

பேட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது கூவம். ஆறு நிரம்பி, நேப்பியர் பாலத்துக்கு அப்பால் கடலும் ஏறியிருந்தால் வடிகாலில் இறங்கும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. கழிவுநீர்க் குழாயிலும் மழைநீர் புகுந்துவிடும். நிறைந்த குழாய் இருப்பதிலேயே தாழ்வான வாயைத் தேடிப் பொங்கும்.

மாடி வீட்டுத் தம்பி சில பைகளை வாங்கி வந்து, "பெரியம்மா, இதுல மணலே இல்ல. தண்ணில போட்டா தானா மூட்டையாயிடும்" என்றான். கையில் எடுத்தால் துணிமடிப்பின் கனம்தான். உள்ளே சோடியம் பாலிஅக்ரிலேட் துகள், குழந்தைகளின் டயாப்பரில் இருக்கும் அதே பொருள். நல்ல தண்ணீரில் தன் எடையைப்போல் நூறு மடங்குக்கு மேல் உறிஞ்சிக் கூழாகும். சில நிமிடங்களில் பை பத்துப் பதினைந்து கிலோ கனக்கும். உப்பு கலந்தால் இந்தச் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். எங்கள் போர் தண்ணீர் கரிக்கும் என்பதால் மெட்ரோ தண்ணீரில்தான் ஊறவைக்கிறேன். அதையும் மழைக்கு முன்பே, அண்டாவில்.

இந்தப் பையை வாசலுக்கு நம்பாதீர்கள் என்பேன். ஊறிய பை ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்தான். வெள்ளத்தில் மூழ்கினால் அதன் கனம் செத்துவிடும், நகர்ந்துவிடும். மூன்றடி அகல வாசலில் ஓரடித் தண்ணீர் நின்றால், அது தள்ளும் விசை 40 கிலோவைத் தாண்டும். அங்கே பாலிதீன் விரித்து, செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கிய மணல் மூட்டைதான் நிற்கும். மூட்டையை முக்கால் நிரப்பாமல் பாதிக்குச் சற்று மேலே நிறுத்தினால் இடுக்கில்லாமல் படியும்.

குளியலறைக் கணக்கு வேறு. நாலு அங்குல ஓட்டைக்குள் தண்ணீர் தரைக்கு மேல் ஓரடி எழும்ப முயன்றாலும், மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 2.5 கிலோதான். பாலிதீனை மடித்துப் போட்டு, அதன்மேல் ஊறிய பையை வைத்தால் கூழ் அந்தப் பள்ளத்தின் வடிவத்துக்கே இறங்கி உட்காரும். கெட்டியான மணல் மூட்டை அப்படிப் படியாது. மேலே ஒரு தண்ணீர்க் குடம் வைத்தால் எனக்கு நிம்மதி. அடைத்த பிறகு அந்தக் குளியலறையில் ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. மெயின் சுவிட்சை அணைக்கும் வேலை இதற்கெல்லாம் முந்தியது.

சாக்கடை பட்ட பையைக் கையுறையோடு எடுத்துக் குப்பைக்குக் கொடுங்கள். கிழிந்து சிந்திய கூழைக் குழாயில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும், தரையிலோ வழுக்கும். கல் உப்பைத் தூவினால் நீர் கக்கிச் சுருங்கும், அள்ளிவிடலாம். புதுப் பைகளை உறை பிரிக்காமல், உயரமான அலமாரியில் வையுங்கள். ஐப்பசி ஈரக்காற்றுப் பட்டாலே துகள் கட்டிதட்டத் தொடங்கிவிடும்.