தீர்ந்தால் நிரப்பும் பாட்டரி

டார்ச் லைட் மங்கினால் பாட்டரிக் கட்டைகளைக் கழற்றி, மொட்டை மாடியில் வற்றலோடு வற்றலாக வெயிலில் காயவைப்பது ஒரு காலத்தில் நம் வீடுகளில் சர்வ சாதாரணமான காரியம். காய்ந்த கட்டை அன்று சாயங்காலம் சற்று நேரம் எரியத்தான் செய்யும். சூட்டில் உள்ளே இருக்கும் ரசாயனங்கள் கொஞ்சம் சுறுசுறுப்படைவதால் வரும் வேடிக்கை அது. புதிதாக மின்சாரம் ஒன்றும் ஏறிவிடுவதில்லை. வழித்த பாத்திரத்தை இன்னொரு முறை வழிப்பது போலத்தான்!

மெய்யாகவே மறுபடி நிரப்பிக்கொள்ளக்கூடிய பாட்டரிகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஆசையாக வாங்கிய பல வீடுகளில் அவை ஆறே மாதத்தில் மேஜை இழுப்பறையின் மூலைக்குப் போய்ச் சேருகின்றன. “வாங்கின புதிதில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அவசரத்துக்கு எப்போது எடுத்தாலும் காலி. இதற்குப் பெட்டிக்கடைப் பாட்டரியே தேவலை!” என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகள் அநேகர்.

அவசரம் என்றால் லேசான அவசரமா? நடு இரவில் விளக்கு அணைந்து, வயதான மாமியார் எழுந்து நடக்க வேண்டியிருக்கும்போது டார்ச் லைட் எரியாவிட்டால் என்ன ஆகும்? ஆகையால் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாமல், வாங்கும்போதே பார்க்க வேண்டியதைப் பார்த்து வாங்க வேண்டும். அப்படிப் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. பாட்டரியில் ஒன்று, சார்ஜரில் ஒன்று, ஆக இரண்டே சங்கதிகள்தான்.

பெரிய குடமா, ஓட்டையில்லாத குடமா?

நிரப்பிக்கொள்ளும் சிறு பாட்டரி நேற்றுப் பிறந்தது அல்ல. ஸ்வீடன் தேசத்து வால்டெமார் யுங்னர் என்பவர் 1899-ஆம் ஆண்டிலேயே நிக்கலையும் காட்மியத்தையும் கொண்டு ஒன்றைச் செய்து காட்டினார். ஆனால் காட்மியம் விஷ உலோகம். அதற்குப் பதிலாக வேறோர் உலோகக் கலவையை வைத்துச் செய்த ‘நிக்கல் மெட்டல் ஹைட்ரைட்’ பாட்டரி 1989 வாக்கில் கடைக்கு வந்தது. டொயோட்டா கம்பெனி 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட பிரியஸ் மோட்டார் காரிலும் இந்த இனத்துப் பாட்டரியைத்தான் வைத்தார்கள். வீட்டு உபயோகத்துக்கு நாம் கேட்டு வாங்க வேண்டியதும் இதுவே.

கடைக்குப் போனால் என்ன நடக்கும்? “அம்மா, அது வெறும் 2000. இதோ பாருங்க, 3600! விலையும் கம்மி!” என்பார் கடைக்காரர். நமக்கும் சபலம் தட்டும். அந்த எண் ‘மில்லி ஆம்பியர் மணி’ என்ற அளவு. அதாவது, குடத்தில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்ற கணக்கு. பென்சில் பாட்டரி என்று நாம் சொல்லும் ‘டபுள் ஏ’ அளவில் 2000 என்பது கௌரவமான எண். 2500, 2700 வரையில் கூட உண்டு. அதே அளவில் 3000-க்கு மேல் போட்டிருந்தால் அந்த எண் மேலே ஒட்டிய காகிதத்தில்தான் இருக்கும். இந்த இனத்துப் பாட்டரியில், அந்தச் சின்னக் குழாய்க்குள் அவ்வளவு அடைக்க வழியில்லை.

எண் நிஜமாகவே இருந்தாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. குடத்தில் ஓட்டை உண்டா, இல்லையா? பழைய முறையில் செய்த பாட்டரிகளை நிரப்பிச் சும்மா வைத்தாலே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தானாகவே வடிந்துவிடும். மூன்று நான்கு மாதம் கழித்து டார்ச்சைத் தட்டினால் பிரகாசமா வரும்? இந்த வடிதலைக் குறைத்து, ஜப்பானிய சான்யோ கம்பெனி 2005-ல் ‘எனலூப்’ என்ற பாட்டரியைக் கொண்டுவந்தது. ஒரு வருஷம் சும்மா கிடந்தாலும் நூற்றுக்கு 85 பங்கு மிஞ்சும் என்று அப்போது அறிவித்தார்கள். இன்று வேறு பல கம்பெனிகளும் இப்படிச் செய்கின்றன. அட்டையில் ‘லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்’ என்றோ, ‘ப்ரீ சார்ஜ்டு’ என்றோ, ‘ரெடி டு யூஸ்’ என்றோ போட்டிருந்தால் அது ஓட்டை அடைத்த குடம் என்று அறிந்துகொள்ளலாம். தொழிற்சாலையில் நிரப்பியது கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தும் வடியாததால்தான் அப்படித் தைரியமாகப் போடுகிறார்கள்.

பெரிய எண்ணுக்கு வேறொரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே எனலூப்பில் 2013-ல் வந்த சாதாரண ரகத்தை 2100 தடவை நிரப்பலாம் என்றும், அதிகம் கொள்ளும் ரகத்தை 500 தடவை நிரப்பலாம் என்றும் அறிவித்தார்கள். இவை சோதனைச்சாலைக் கணக்குகள். நம் வீட்டில் அவ்வளவு வராமல் போகலாம். ஆனாலும் நியாயம் விளங்குகிறது அல்லவா? பெரிய வயிற்றுக்கு ஆயுசு குறைவு. வீட்டுக்கு 2000 போதும்.

ஒரே அடுப்பில் இரண்டு பால் பாத்திரம்

பாட்டரிக்குத் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, “ஏதோ ஒரு சார்ஜர் போதும்” என்று இருக்கிறதற்குள் மலிவானதை வாங்குவது நம் வழக்கம். நல்ல பாசுமதி அரிசி வாங்கி, சமைக்கத் தெரியாதவரிடம் கொடுப்பது போன்ற காரியம் இது. பாட்டரியை வாழவைப்பதும் சாகடிப்பதும் சார்ஜர்தான்.

மலிவான சார்ஜர்கள் பாட்டரிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தே நிரப்பும். ஒன்றில் பாதி மிச்சம் இருக்கும். மற்றொன்று முழுக்கக் காலியாக இருக்கும். இரண்டு பால் பாத்திரங்களை ஒரே அடுப்பில் வைத்து, ஒரே திருகை வைத்துக்கொண்டு காய்ச்ச முடியுமா? ஒன்று பொங்கி வழியும்; மற்றொன்று பச்சைப் பாலாகவே இருக்கும். பொங்கிய பாட்டரி சூடேறிச் சீக்கிரம் கெடும். ஆகையால் ஒவ்வொரு குழிக்கும் தனி விளக்கு எரிகிற, ஒற்றைப் பாட்டரியையும் நிரப்புகிற சார்ஜராகக் கேளுங்கள். ‘இண்டிவிஜுவல் சானல்’ என்று அதற்குப் பெயர்.

பால் பொங்குவதை நாம் கண்ணால் பார்த்து இறக்குகிறோம். சார்ஜர் எதைப் பார்க்கும்? பாட்டரி நிறைந்த தருணத்தில் அதன் வோல்டேஜ் உச்சிக்குப் போய் இம்மியளவு இறங்கும். நல்ல சார்ஜர் அந்த இம்மியைக் கண்டுபிடித்து உடனே நிறுத்திவிடும். சூட்டையும் கவனித்துக்கொள்ளும். ‘ஆட்டோ கட் ஆஃப்’ என்று அட்டையில் இருந்தால் மட்டும் போதாது. எதைக் கண்டு நிறுத்துகிறது என்று பாருங்கள். வெறும் கடிகாரத்தை வைத்து இத்தனை மணி நேரம் என்று நிறுத்துகிறவையும் உண்டு. அவற்றுக்குப் பாட்டரி பாதி நிறைந்து வந்ததா, காலியாக வந்ததா என்பது தெரியாது.

வேகம் எவ்வளவு இருக்கலாம்? 2000 பாட்டரிக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர் வரையில் கொடுக்கும் சார்ஜர் சரியானது. 2000-ஐ 500-ஆல் வகுத்தால் நான்கு மணி. வழியில் வீணாவதற்கு ஒரு மணி சேர்த்து, ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் பலகாரம் ஆனதும் போட்டால் பிற்பகல் காபிக்குள் தயார். பதினைந்தே நிமிஷத்தில் நிரப்புகிற அவசரக்காரச் சார்ஜர்கள் பாட்டரியை வறுத்தெடுத்துவிடும். நமக்கு வேண்டாம்.

மின்சாரக் கட்டணம் ஏறுமே என்ற கவலையும் வேண்டாம். ஒரே ஒரு யூனிட் மின்சாரத்தில் நூறு பென்சில் பாட்டரிகளுக்கு மேல் நிரப்பலாம்!

எதற்குப் போடலாம், எதற்கு வேண்டாம்?

குழந்தையின் பொம்மைக் கார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாலு பாட்டரி விழுங்குகிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 104 பாட்டரிகள்! அங்கே நாலு நிரப்பும் பாட்டரிகள் போட்டால் ஒரு வருஷத்துக்குள் சார்ஜரின் விலையும் சேர்ந்தே திரும்பி வரக்கூடும். தினம் எடுக்கும் டார்ச் லைட், கம்ப்யூட்டர் மவுஸ், காமிராவின் ஃப்ளாஷ் ஆகியவையும் இந்த வரிசைதான்.

சுவர்க் கடிகாரத்தின் சமாசாரம் வேறு. ஒரே பாட்டரியில் ஒரு வருஷம் ஓடுகிற அந்தச் சாதுவுக்கு எதற்கு விலை உயர்ந்த பாட்டரி? டி.வி. ரிமோட்டும் அப்படித்தான். சாதாரணப் பாட்டரியே போதும்.

இன்னொரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். சாதாரணப் பாட்டரி 1.5 வோல்ட், நிரப்பும் பாட்டரியோ 1.2 வோல்ட். குறைவில்லையா? சாதாரணப் பாட்டரி 1.5-ல் ஆரம்பித்தாலும் உபயோகிக்க உபயோகிக்க இறங்கிக்கொண்டே போகும். மற்றது 1.2-லேயே ஏறக்குறையக் கடைசி வரை நிற்கும். அதனால் பெரும்பாலான சாமான்கள் தகராறு செய்யாமல் வேலை செய்கின்றன. சில மட்டும் நிறைந்த பாட்டரியைப் போட்டாலும் “தீர்ந்துவிட்டது” என்று காட்டும். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி முதலியவற்றில் எந்தப் பாட்டரி போடுவது என்பதை அதோடு வந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தே தீர்மானியுங்கள். அங்கே பரீட்சை செய்து பார்க்கக் கூடாது.

இப்போது 1.5 வோல்ட் லிதியம் பாட்டரிகளும் வருகின்றன. இவற்றை இவற்றுக்கென்று உள்ள சார்ஜரிலோ ஒயரிலோதான் நிரப்ப வேண்டும். கடைசி வரை ஒரே பிரகாசமாக எரிந்து, சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று நின்றுவிடும் சுபாவம் இவற்றுக்கு உண்டு. அதே உருவத்தில் 3.7 வோல்ட் லிதியம் பாட்டரியும் உண்டு. அதைத் தெரியாமல் பொம்மையிலோ ரேடியோவிலோ போட்டால் சாமான் கருகிவிடும். வோல்ட் எண்ணைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

புயல் இரவுக்கு ஒரு டப்பா

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது பல பேட்டைகளில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படிப்பட்ட சமயத்தில் நிரப்பும் பாட்டரியை எங்கே கொண்டுபோய் நிரப்புவது? புத்திசாலிக் குடும்பத் தலைவி இரண்டையும் வைத்திருப்பாள். டார்ச்சுக்குள்ளே வடியாத ரக நிரப்பும் பாட்டரி. பக்கத்தில் ஒரு டப்பாவில், பிரிக்காத ஒரு ஜோடி ஆல்கலைன் பாட்டரி. ஆல்கலைனை டார்ச்சுக்குள்ளேயே வருஷக்கணக்கில் விட்டுவைத்தால் கசிந்து டார்ச்சையே பாழாக்கலாம். ஐப்பசி பிறந்ததும் இந்த டப்பாவை ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

நினைவில் இருக்கட்டும்

பழையதையும் புதியதையும், வெவ்வேறு கம்பெனிப் பாட்டரிகளையும் ஒரே சாமானில் கலந்து போடாதீர்கள். பலமானது பலவீனமானதைத் தலைகீழாக ஓட்டிக் கெடுத்துவிடும். சேர்ந்து வாங்கியதைச் சேர்ந்தே வைத்திருக்க ஒரு சுலபமான உபாயம்: நகப் பாலிஷால் ஒரு ஜோடிக்கு ஒரு புள்ளி, மறு ஜோடிக்கு இரண்டு புள்ளி என்று வைத்துவிடுங்கள்.

சாதாரணப் பாட்டரியைச் சார்ஜரில் போடவே கூடாது. கசியும், வெடிக்கவும் கூடும். நிரம்பிய பாட்டரிகளைச் சில்லறையோடும் சாவிக் கொத்தோடும் கைப்பையில் போடாதீர்கள். இரண்டு முனைகளையும் உலோகம் தொட்டால் கையைச் சுடும் அளவுக்குக் கொதித்துவிடும்.

பட்டன் பாட்டரி உள்ள வீட்டில் இரட்டைக் கவனம் வேண்டும். தவழும் குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடலாம். சந்தேகம் வந்தாலே போதும். காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உயிர் போன பாட்டரியைக் குப்பைக் கூடையில் காய்கறித் தோலோடு போடாதீர்கள். பாட்டரிக் கழிவுகளைத் தனியாகவே ஒப்படைக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. பெயின்ட் டப்பா போல மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்துவைத்து, வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

கடைக்குப் புறப்படுமுன் ஒரு காகிதத்தில், வீட்டில் எந்தெந்தச் சாமான் மாதா மாதம் பாட்டரி கேட்கிறது என்று எழுதிப் பாருங்கள். எட்டுப் பாட்டரியில் முடிகிற காரியத்துக்குப் பெரும்பாலும் நாலே போதும் என்று தெரியவரும். மிச்சமாகும் பணத்தைச் சார்ஜரில் போடுங்கள். “இவ்வளவு விலையா ஒரு சார்ஜருக்கு?” என்று வீட்டுக்காரர் புருவத்தை உயர்த்தினால், அந்த 104 கணக்கை அவரிடம் காட்டுங்கள். அதற்கு மேல் அவர் வாய் திறக்கமாட்டார்!