குளிர்ந்த கடலும் வறண்ட கரையும்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பெரு நாடு அமைந்துள்ளது. அதன் கடற்கரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுடையது. அக்கரையின் பெரும்பகுதியில் ஒருபுறம் பசிபிக் பெருங்கடல், மறுபுறம் மணல்வெளி. பல இடங்களில் ஆண்டு முழுவதும் சிறு தூறல்களே விழுகின்றன. இவ்வளவு பெரிய கடலின் அருகே நிலம் பாலைவனமாக இருப்பது ஏன்? அதற்குரிய விடை கடலுக்குள்ளேயே இருக்கிறது.

இக்கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று செல்கிறது. 1802ஆம் ஆண்டில் அந்நீரின் வெப்பநிலையை அளந்த ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டின் பெயரால் அது ஹம்போல்ட் நீரோட்டம் எனப்படுகிறது. குளிர்ந்த கடலின்மேல் உள்ள காற்றும் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த காற்று எளிதில் மேலே எழாது. ஆதலால் மழைமுகில்கள் உருவாவதில்லை. மூடுபனி மட்டுமே கரையைச் சூழ்கிறது.

மழையைத் தராத அக்கடல் மீனை வாரி வழங்குகிறது. கரையோரக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்க, ஆழத்திலுள்ள சத்துமிக்க நீர் மேலெழுகிறது. அதில் நுண்ணிய பாசிகளும் சிற்றுயிர்களும் பெருகுகின்றன. அவற்றை உண்டு நெத்திலி மீன்கள் கூட்டங்கூட்டமாக வளர்கின்றன.

வடக்கே, துருகியோ நகருக்கு அருகில் ஹுவான்சாக்கோ என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அவ்வூர் மீனவர்கள் டொட்டோரா என்னும் ஒருவகைக் கோரையைக் கட்டுகளாகப் பிணைத்து, முனை மேல்நோக்கி வளைந்த சிறு படகுகளைச் செய்கின்றனர். குதிரைமேல் அமர்வதுபோல் அதன்மேல் அமர்ந்து அலைகளைக் கடப்பதால், அப்படகிற்குச் 'சிறு குதிரை' என்னும் பொருள்படும் ஸ்பானியப் பெயர் அமைந்தது. மீன்பிடித்துத் திரும்பியதும் படகுகளைக் கரையில் நிமிர்த்தி வைத்து உலர்த்துவர். எனினும் சில வாரங்களில் கோரை நீரில் ஊறிக் கனத்துவிடும். புதிய படகு கட்டவேண்டும். இதற்காகவே கரையருகே குழிகள் தோண்டிக் கோரை வளர்க்கின்றனர். கடலரிப்பால் அக்குழிகள் இன்று குறைந்து வருகின்றன.

அவ்வூருக்கும் துருகியோவுக்கும் இடையே சான் சான் என்னும் பழைய நகரம் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. இது சிமூ மக்களின் தலைநகரமாக விளங்கியது. 15ஆம் நூற்றாண்டில் இன்காக்கள் இதனை வென்றனர். நகரம் பெரும்பாலும் வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கற்களால் கட்டப்பட்டது. சுவர்களில் மீன்களும் கடற்பறவைகளும் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. மழையின்மையால்தான் இம்மண்சுவர்கள் பல நூற்றாண்டுகள் நிலைத்தன.

தெற்கே, பிஸ்கோ நகருக்கு எதிரே சிஞ்சா தீவுகள் மூன்றும் உள்ளன. நெத்திலியை உண்ணும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் அங்கே வாழ்கின்றன. அவற்றின் எச்சம் மழையில் கரையாமல் குன்றுபோல் குவிந்தது. அது சிறந்த உரமாகும். இன்காக்கள் அதனை அளவோடு எடுத்துப் பறவைகளைக் காத்தனர். 1840ஆம் ஆண்டிற்குப்பின் அது கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றது. அதனை வெட்டியெடுக்கச் சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருந்துன்பம் அடைந்தனர். பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த குவியல் சில பத்தாண்டுகளில் பெரும்பாலும் தீர்ந்துபோயிற்று. இன்று அத்தீவுகள் பாதுகாக்கப்படுகின்றன.

சில ஆண்டுகளில் காற்று தளர்ந்து, வெப்பநீர் இக்கரையை அடைகிறது. அது கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டி வருவதைக் கண்ட மீனவர்கள், குழந்தை இயேசுவைக் குறிக்கும் 'எல் நினோ' என்னும் பெயரை அதற்கு இட்டனர். அப்போது நெத்திலி விலகிச் செல்லும்; பறவைகள் பசியால் மடியும்; பாலைவனத்தில் பெருமழை கொட்டும். 1982–83, 1997–98, 2017 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. மழையில் சான் சானின் மண்சுவர்கள் கரைகின்றன. 1986ஆம் ஆண்டில் அந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, அவ்வாண்டிலேயே அழிவு அபாயத்திலுள்ள சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தது. சிற்பச் சுவர்களுக்குமேல் இன்று கூரைகள் வேயப்பட்டுள்ளன.

எல் நினோவின் விளைவு பெருவோடு நிற்பதில்லை. அது தோன்றும் ஆண்டுகள் பலவற்றில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையும் குறைகிறது. தொலைவிலுள்ள ஒரு கடலின் வெப்பம், இங்குள்ள உழவரின் வயலையும் தொடுகிறது.

சொற்பொருள்
முகில் – மேகம்
எச்சம் – பறவையின் கழிவு
புடைப்புச் சிற்பம் – சுவரிலிருந்து சற்று மேலெழும்பித் தோன்றும் சிற்பம்

வினாக்கள்
1. பெருவின் கடற்கரையில் மழை குறைவாக இருப்பதற்குக் காரணம் யாது?
2. கோரைப் படகைச் 'சிறு குதிரை' என அழைப்பது ஏன்?
3. இன்காக்கள் தீவுகளைப் பயன்படுத்திய முறையையும் பிற்காலத்தவர் பயன்படுத்திய முறையையும் ஒப்பிட்டு எழுதுக.
4. எல் நினோ ஆண்டில் மீனவர், பறவைகள், பழைய நகரம் ஆகியவற்றுக்கு நேர்வன யாவை?