ஒரு குரலும் ஒரு கித்தாரும்

பெருங் கூட்டத்தை வயப்படுத்தப் பேரோசை வேண்டும் என்று எண்ணுவது உலகியல்பு. அரங்கு பெரிதாகுந்தோறும் கருவிகளும் பெருகுகின்றன. பாடுவோரின் சொல்லோ அக்கருவிகளின் முழக்கத்தினுள் அமிழ்ந்து போகின்றது. இவ்வெண்ணத்துக்கு மாறான நிகழ்ச்சி ஒன்று 1988ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆந் திகதி இலண்டன் மாநகரிலுள்ள வெம்பிளி விளையாட்டரங்கில் நடைபெற்றது. அன்று 24 வயதினரான கறுப்பின அமெரிக்கப் பெண்ணொருவர், கித்தார் ஒன்றை மட்டுமே துணையாகக் கொண்டு, 70,000க்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையிற் பாடினார். அவர் பெயர் திரேசி சாப்மன். அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்து அப்பொழுது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

சொல்லையும் இசையையும் தாமே இயற்றுபவரைத் தமிழிசை மரபு வாக்கேயகாரர் என வழங்கும். மேல்நாட்டிலும் அத்தகையோர் உளர். தாமே பாட்டியற்றித் தாமே மெட்டமைத்துத் தாமே கித்தாரை மீட்டிப் பாடுவோர் அவர். அவர்களுட் பலர் விரும்பிக் கைக்கொள்வது மின்வலுவால் இயங்காத மரக்கித்தாரேயாகும். இக்கருவியில் ஆறு தந்திகள் உண்டு. தந்தியின் அதிர்வு குதிரையின் வழியாக மேற்பலகைக்குச் செல்ல, உட்குடைவான மர உடல் அவ்வதிர்வை வளர்த்து ஒலியாக வெளிப்படுத்துகின்றது. வீணையின் குடம் செய்யும் தொழிலை இங்கே கித்தாரின் உடல் செய்கின்றது எனலாம். அதன் ஓசை மெல்லியது. ஆதலின் பாட்டின் சொல்லை மறைப்பதில்லை. சொல்ல வேண்டிய செய்தி உடையவருக்கு இதனினும் ஏற்ற துணை வேறில்லை.

திரேசி சாப்மனுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இளமையிலேயே வாய்த்துவிட்டது. அவர் 1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30ஆந் திகதி ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லன்ட் நகரிற் பிறந்தார். நான்கு வயதாகும்போது பெற்றோர் பிரிந்தனர். தாய் தனித்து நின்று இரு பெண் மக்களையும் வளர்த்தார். வீட்டிற் பணம் அரிதாயிருந்தும், மகளின் இசை ஆர்வத்தைக் கண்ட அத்தாய், மூன்று வயதிலேயே உக்குலேலி என்னும் சிறு நான்கு தந்திக் கருவியை வாங்கிக் கொடுத்தார். எட்டு வயதில் அச்சிறுமி கித்தார் மீட்டவும் பாட்டுக் கட்டவும் தொடங்கினார். அக்காலத்துக் கிளீவ்லன்ட், இனப் பகையும் வேலையின்மையும் வாட்டிய நகரம். 1966ஆம் ஆண்டில் அந்நகரின் ஹவ் என்னும் பகுதியிற் பெருங் கலவரம் மூண்டதுண்டு. இச்சூழலில் அவர் கண்டனவும் கேட்டனவுமே பின்னர்ப் பாட்டுகளாயின.

வறிய மாணவருள் திறமையுடையோரை நல்ல பள்ளிகளுக்கு அனுப்பும் உதவித் திட்டமொன்றின் பயனாக, அவர் கனெற்றிக்கட் மாநிலத்து டன்பெரியிலுள்ள வூஸ்ரர் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே அவருடைய பாட்டைக் கேட்ட சமயகுரு, ஆசிரியரிடமும் மாணவரிடமும் பணம் திரட்டிப் புதிய கித்தார் ஒன்றை வாங்கி அளித்தார். புரட்சியைப் பற்றி மெல்லப் பேசத் தொடங்கும் ஏழைகளைக் குறித்த அவரது புகழ்பெற்ற பாட்டு அப்பள்ளிப் பருவத்திலேயே உருவாயிற்று. பின்னர் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ரவ்ற்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்றார். வகுப்பு இல்லாத வேளைகளில் ஹாவாட் சதுக்கத்துத் தெருவோரத்திலும் காப்பிக் கடைகளிலும் பாடினார். தெருவிற் பாடுவது கடுமையான பயிற்சி. கட்டணம் செலுத்தி வந்தமர்ந்த கூட்டம் அன்று அது. தம் வழியே விரைந்து செல்லும் மக்கள். அவரை நிறுத்திக் கேட்கச் செய்வதற்கு முதல் வரியிலேயே உண்மை ஒலிக்க வேண்டும்.

அவ்வாறு நின்று கேட்டவருள் பிரயன் கொப்பல்மன் என்னும் உடன்மாணவரும் ஒருவர். தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிராகப் பல்கலைக்கழகத்தில் நடந்த போராட்டத்துக்குப் பாடகர் ஒருவரைத் தேடியபோதுதான் அவர் திரேசி சாப்மனைப் பற்றிக் கேள்வியுற்றார். பாட்டைக் கேட்டதும், இசைப் பதிப்புத் தொழிலிலே செல்வாக்குடைய தம் தந்தையிடம் அதனைச் சேர்ப்பிக்க விரும்பினார். பாடகரோ அதில் ஆர்வம் காட்டவில்லை. ஆயினும் மாணவர் நடத்திய பல்கலைக்கழக வானொலி நிலையத்தில் அவருடைய பாட்டுப் பதிவு நாடா ஒன்று இருந்தது. அந்நாடா கொப்பல்மன் வழியாக அவர் தந்தையின் செவிக்கு எட்டியது. 1987ஆம் ஆண்டில் இலெக்ற்றா இசைத்தட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தமும் கைகூடியது. ஒரு சிறிய வானொலி நிலையத்தின் அலமாரியிற் கிடந்த நாடாவே ஓர் அரிய குரலை உலகுக்கு வெளிப்படுத்தியது என்பது வானொலி நேயர்கள் மகிழத்தக்க செய்தியாகும்.

எனினும் இடையூறு தீர்ந்தபாடில்லை. அது மின்னியக்க இசைக் கருவிகளும் இயந்திரத் தாளமும் கோலோச்சிய காலம். இத்துணை எளிய பாட்டுகளை யார் வாங்குவர் என ஐயுற்றுத் தயாரிப்பாளர் பலர் பின்வாங்கினர். மரக்கித்தார் இசையையே பதிவு செய்ய விரும்பியிருந்த டேவிட் கேர்ஷன்பாம் என்பவர் அப்பொறுப்பை ஏற்றார். அவர் செய்த நற்செயல் யாதெனின், குரலையும் கித்தாரையும் நடுவில் வைத்து, ஏனைய கருவிகளை அவற்றுக்கு அடங்கி ஒலிக்கச் செய்தமையே. பாடகரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அவ்விசைத்தட்டு, பதினொரு பாட்டுகளுடன் 1988ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 5ஆந் திகதி வெளிவந்தது.

அப்பதினொன்றனுள் ஒன்று கருவி எதுவுமின்றிக் குரலால் மட்டுமே பாடப்பட்டது. சுவருக்கு அப்பால் அடிபட்டு அலறும் அயல்வீட்டுப் பெண்ணைப் பற்றியது அது. கருவியின் ஆறுதலும் அங்கே மறுக்கப்பட்டமையால், கேட்போருக்கு அந்த அலறலிலிருந்து ஒதுங்க இடமில்லாது போகின்றது. மற்றொன்று 'விரைவு மோட்டார் வண்டி' எனப் பொருள்படும் பெயருடைய பாட்டு. குடிகாரத் தந்தையைப் பேணுவதற்காகப் படிப்பைக் கைவிட்ட பெண்ணொருத்தி, காதலனின் வண்டியில் ஏறி, வறுமையை விட்டு ஓட நினைக்கிறாள். கடையில் வேலை செய்கிறாள். பின்னர் நல்ல வேலையும் பெறுகிறாள். காதலனோ வேலையின்றிக் குடியில் ஆழ்கிறான். எதனை விட்டு ஓடினாளோ அதுவே புதிய வீட்டிலும் வந்து குடிகொள்கிறது. இக்கதைக்கு ஏற்ப, கித்தாரில் ஒரு சிறு இசைத்தொடர் மீண்டும் மீண்டும் சுழன்று வருகின்றது. வண்டி ஓடுகின்றது, வாழ்வோ நின்ற இடத்திலேயே நிற்கின்றது. காதலனோடு வண்டியில் விரைந்த அந்த ஒரு கணத்தை அவள் நினைவுகூரும் பல்லவியிலேதான் முரசு புகுந்து ஒலிக்கின்றது. நம்பிக்கை பிறக்குமிடத்தில் மட்டும் இசை விரிவதும், மறுகணமே ஒடுங்குவதும் இப்பாட்டின் அமைதி.

இனி, வெம்பிளி நிகழ்ச்சிக்கு வரலாம். சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளை முன்னிட்டு நடந்த அவ்விசைவிழா, 60க்கு மேற்பட்ட நாடுகளில் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டது. அதிகம் அறியப்படாத திரேசி சாப்மனுக்கு முதலிற் சில பாட்டுகளுக்கே நேரம் தரப்பட்டது. அவற்றைப் பாடி அவர் விடைபெற்றார். பின்னர்ப் புகழ்மிக்க ஸ்டீவி வொண்டர் மேடையேற இருந்த வேளையில், அவரது மின்னியக்க இசைக் கருவிக்குரிய பதிவுத் தட்டுக் காணாமற் போயிற்று. அவர் மனம் நொந்து அரங்கை நீங்கினார். நெடுநேரம் கழித்தே மீண்டும் வந்து பாடினார். மேடை வெறுமையாகக் கிடந்தது, உலகமோ பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப உடனே ஆயத்தமாயிருந்தவர், கருவிக் குழுவோ பதிவுத் தட்டோ வேண்டாதவர் ஒருவரே. திரேசி சாப்மன் கித்தாருடன் மீண்டும் மேடைக்கு வந்து, விரைவு வண்டிப் பாட்டைப் பாடினார். ஆரவாரித்த கூட்டம் அடங்கிக் கேட்டது.

இதனை நல்லூழ் என்பர் சிலர். வாய்ப்பு ஊழால் வந்திருக்கலாம். அதனைப் பயன்படுத்தும் ஆற்றல் ஊழால் வந்ததன்று. தெருவோரத்தில் நின்று பெற்ற பயிற்சியே அன்று துணைநின்றது. அப்பாட்டு அமெரிக்க விற்பனை வரிசையில் ஆறாம் இடத்தைப் பெற்றது. இசைத்தட்டு அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடத்துக்கு உயர்ந்தது. 1989ஆம் ஆண்டில் மூன்று கிராமி விருதுகளும் கிடைத்தன. அவர் முன்னர் மாணவராகப் பாடி எதிர்த்த நிறவெறி ஆட்சி, 1990ஆம் ஆண்டில் மண்டேலாவை விடுவித்தது.

பாட்டின் வாழ்வு அத்துடன் முடியவில்லை. சிறுவயதில் தந்தையின் வண்டியில் அப்பாட்டைக் கேட்டு வளர்ந்த லூக் கோம்ஸ் என்னும் வெள்ளையின நாட்டிசைப் பாடகர், 2023ஆம் ஆண்டில் அதனைத் தாமும் பாடி வெளியிட்டார். அவ்வாண்டு அமெரிக்க நாட்டிசைச் சங்கத்தின் சிறந்த பாட்டுக்கான விருது அதற்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பினப் பாட்டாசிரியர் திரேசி சாப்மனே. பல ஆண்டுகள் பொதுமேடையைத் தவிர்த்து வாழ்ந்த அவர், 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆந் திகதி கிராமி விழாவில் கோம்சுடன் சேர்ந்து அதனைப் பாடினார். நிறத்தாலும் தலைமுறையாலும் வேறுபட்ட இருவருக்கும் அவ்வேழைப் பெண்ணின் துயரம் பொதுவாயிற்று. 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், பாடகரின் மேற்பார்வையுடன், அம்முதல் இசைத்தொகுப்பு கறுப்பு இசைத்தட்டாக மீண்டும் வெளியிடப்பட்டது. முதற்பதிப்பைக் கேட்டோரின் மக்கள் இன்று அதனைப் புதிதாகக் கேட்கின்றனர்.

1988ஆம் ஆண்டில் புதுமை எனப் போற்றப்பட்ட மின்னோசைகள் பல இன்று பழமை எய்திவிட்டன. மரமும் தந்தியும் மனிதக் குரலும் சேர்ந்த அவ்விசையோ பழமை எய்தவில்லை. வறியவரின் துயரத்தை மிகைப்படுத்தாது, தாழ்ந்த குரலில், தெளிந்த சொல்லிற் கூறினால் உலகம் செவிசாய்க்கும் என்பதற்கு அத்தட்டு சான்றாக நிற்கின்றது.