உங்களுக்குத் தெரியுமா? கசையடியை எதிர்த்த பரங்காரு

1788இல் ஆங்கிலேயர் குடியேறிய சிட்னித் துறைமுகத்தில், மரப்பட்டைத் தோணிகளில் சென்று தூண்டிலிட்டு மீன் கொணர்ந்த ஆதிகுடிப் பெண்களுள், வெள்ளையரின் ஆடையை அணிய மறுத்த பரங்காரு என்னும் தீரமிக்க மாதும் ஒருவர். 1791இல், தாரிங்கா என்ற பெண்ணின் தூண்டிற் கருவிகளைத் திருடிய கைதியொருவனை, தங்கள் நீதியைப் பிரத்தியட்சமாகக் காட்டும்பொருட்டு, ஆதிகுடியினரை வரவழைத்து அவர்கள் கண்ணெதிரிலேயே ஆங்கிலேயர் கசையால் அடித்தபோது, பொருளைப் பறிகொடுத்த தாரிங்காவே அவனுக்காகக் கண்ணீர் உகுத்தார். பரங்காருவோ சினம் மூண்டு, கம்பொன்றைப் பறித்தெடுத்து, அடிப்பவனை நோக்கி ஓங்கினார். நெஞ்சை விட்டு அகலாத இந்நிகழ்ச்சியை வாட்கின் டென்ச் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி தம் நூலில் பதிந்திருக்கிறார். அவ்வாண்டே, மகவு ஈன்ற சிறிது காலத்தில் பரங்காரு மறைந்தார். அவருடைய மீன்பிடி கருவிகளுடனேயே உடல் தகனம் செய்யப்பட்டது. சிட்னியின் துறைமுகக்கரைப் பகுதியொன்று இன்று அவர் பெயரால் வழங்குகிறது.