நெடும்போட்டிப் பயிற்சியும் காயத் தடுப்பும்

நீந்துதல், சைக்கிள் ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். இவ்வகையைச் சேர்ந்த 'அயர்ன்மேன்' போட்டி 1978 பிப்ரவரி 18ஆம் தேதி ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாஹூவில் முதன்முதலாக நடைபெற்றது. அத்தீவில் தனித்தனியே நடந்துவந்த மூன்று போட்டிகளை அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் ஒன்றாக இணைத்ததன் விளைவே அது. புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180 கிலோமீட்டர், ஓட்டம் 42.2 கிலோமீட்டர் என்ற அளவு இன்றும் மாறவில்லை. இதில் பாதித் தூரமுள்ள போட்டி 2019 அக்டோபரில் கோவாவில் நடத்தப்பெற்றதிலிருந்து நம் நாட்டிலும் இப்பயிற்சியில் ஈடுபடுவோர் பெருகியுள்ளனர்.

இப்போட்டியாளருக்கு நேரும் காயங்களுள் பெரும்பாலானவை விபத்தினால் வருவன அல்ல; ஒரே அசைவு பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப நிகழ்வதால் வருவன. நிமிஷத்திற்கு 85 சுற்று வீதம் 6 மணி நேரம் மிதிப்பவரின் முழந்தாள் 30,600 முறை மடங்கி நீள்கிறது. 42.2 கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதங்கள் ஏறக்குறைய 40,000 முறை தரையில் படுகின்றன. ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு விசை காலில் தாக்குகிறது.

உறுப்புகளின் வேகம் ஒன்றன்று

பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. சில வாரங்களில் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்தவும், தசைகள் பிராணவாயுவைத் திறம்படப் பயன்படுத்தவும் பழகிவிடுகின்றன. எலும்போ அவ்வாறு விரையும் இயல்புடையதன்று. பளுவுக்கு உள்ளான எலும்பில் பழைய பகுதி முதலில் கரைக்கப்படுகிறது. பின்னரே புதிய பகுதி படிகிறது. இச்சுழற்சி முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகின்றன. எனவே வலுப்பெறும் முன் எலும்பு சிறிது காலம் வலுக்குறைந்து நிற்கிறது. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்களில் வீக்கமும் வலியும் தோன்றுவதைப் பிரஷ்ய இராணுவ வைத்தியர் பிரைதாப்ட் 1855இல் விவரித்தார். பாத எலும்பில் ஏற்படும் நுண்முறிவே அதன் காரணம் என்பது எக்ஸ்ரே வந்த பின்னரே விளங்கியது.

குதிகால் நாணின் நிலை இன்னும் வியப்பானது. 1963 வரை வெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் மிகுந்து, உணவு வழியாக மனித உடலிலும் சேர்ந்தது. அதனை அளந்த டென்மார்க் விஞ்ஞானிகள், குதிகால் நாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் அமைந்துவிடுவதாகவும், அதன்பின் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதில்லை என்றும் 2013இல் அறிவித்தனர்.

ஆகவே ஆறாம் அல்லது எட்டாம் வாரத்தில் மூச்சு இளைக்காமல் ஓட முடிகிறது என்று கண்டு தூரத்தை இரட்டிப்பாக்கும் வேளையே மிக ஆபத்தானது.

கவனிக்க வேண்டியவை

வாரந்தோறும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டலாகாது என்பது பழைய விதி. ஆனால், புதிதாக ஓடத் தொடங்கிய ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரிடம் நெதர்லாந்தில் நடத்தி 2008இல் வெளியிடப்பெற்ற ஆராய்ச்சியில், இவ்விதிப்படி ஓடியவருக்கும் பிறருக்கும் காய விகிதத்தில் வேற்றுமை காணப்படவில்லை. 2025இல் வெளியான, ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை உட்கொண்ட ஆராய்ச்சியோ, முந்திய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடும்போது காயம் மிகுவதைக் காட்டியது. அதாவது, ஒரு மாதத்தில் 10 கிலோமீட்டரே மிகுதியாக ஓடியவர் அடுத்த ஓட்டத்தை 11 கிலோமீட்டருக்குள் நிறுத்துதல் நன்று.

இப்போட்டியாளருக்கு ஒரு வசதி உண்டு. நீரும் சைக்கிள் இருக்கையும் உடலின் எடையைத் தாங்குவதால், எலும்புக்கு அதிர்ச்சியின்றியே இருதயத்தைப் பழக்கலாம். ஓட்டத்தை மெல்ல வளர்த்து, எஞ்சிய உழைப்பை நீச்சலிலும் சைக்கிளிலும் செலுத்த வேண்டும். எனினும் நீச்சலை ஒரேயடியாகப் பெருக்கினால் தோள்மூட்டு நோகும். சைக்கிள் மிதி கீழ்நிலையை அடையும்போது முழந்தாள் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்குமாறு இருக்கையின் உயரம் அமைய வேண்டும். இருக்கை தாழ்ந்தால் முழந்தாளின் முன்புறம் வலிக்கும். ஓடுகையில் அடிகளைச் சற்றுக் குறுக்கி, நிமிஷத்திற்கான எண்ணிக்கையை நூற்றுக்கு 5 முதல் 10 வரை கூட்டினால் முழந்தாளின் பளு குறையும்.

பளு தூக்கும் பயிற்சி மிகையுழைப்புக் காயங்களைப் பாதியளவுக்குக் குறைப்பதாகப் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு ஆய்வு தெரிவிக்கிறது. தசைகளை நீட்டும் பயிற்சியில் அத்தகைய பயன் காணப்படவில்லை. உழைப்புக்கேற்ற உணவு இல்லையேல் எலும்பு நலியும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதே ஆண்டில் எச்சரித்தது.

தசை முழுதும் பரவி, இரண்டு மூன்று நாட்களில் தணியும் வலி இயல்பானது. எலும்பின் மீது விரலால் சுட்டத்தக்க ஓரிடத்தில் தோன்றி, ஓட ஓட மிகுந்து, ஓய்விலும் நீடிக்கும் வலி அத்தகையதன்று. அதனைப் பொருட்படுத்தாது ஓடினால் நுண்முறிவு முழுமுறிவாகக் கூடும். உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் முறிவு புலப்படாமல் இருக்கலாம். அதனால் மட்டும் ஐயம் நீங்கிவிட்டதாகக் கொள்ளுதல் கூடாது. போட்டிக்குப் பல மாதங்கள் முன்னதாகவே பயிற்சியைத் தொடங்குவோர், எலும்புக்கு வேண்டிய கால அவகாசத்தைத் தந்தவராவர்.