முதல் வரைவே புத்தகம் ஆகிவிடாது: திருத்தி எழுதக் கற்றுக்கொள்வது எப்படி?

இளம் எழுத்தாளர்களை வழிநடத்துவதற்காக மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு 'பிரதமரின் யுவா' திட்டத்தைத் தொடங்கியது. முப்பது வயதுக்கு உட்பட்ட 75 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆறு மாதங்களுக்கு மாதம் ரூ.50,000 உதவித்தொகையும், புத்தகம் வெளியானபின் உரிமத்தொகையும் பெறலாம் என்று அறிவிக்கப்பட்டது. தேசியப் புத்தக அறக்கட்டளை செயல்படுத்திய அத்திட்டத்தின் முதல் சுற்றுக்கு விண்ணப்பதாரர் அனுப்ப வேண்டியிருந்தது 5,000 சொற்கள் கொண்ட படைப்பு மட்டுமே. பதிப்பகங்களிலும் இதழ் அலுவலகங்களிலும் இதே நிலைதான். புதியவர் ஒருவரின் முழு நூலை யாரும் முதலிலேயே படித்துவிடுவதில்லை. தொடக்கப் பக்கங்களைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அந்தப் பக்கங்கள் எத்தனை முறை திருத்தி எழுதப்பட்டன என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

எழுத்து என்பது பிறவித் திறமை, ஒரே மூச்சில் வருவதே உண்மையான படைப்பு என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக உள்ளது. ரவீந்திரநாத் தாகூரின் கையெழுத்துப் படிகள் வேறு கதையைச் சொல்கின்றன. அவர் அடித்துவிட்ட சொற்களும் வரிகளும் ஏராளம். அந்த அடித்தல்களை ஒன்றோடொன்று கோடுகளால் இணைத்துப் பறவைகளாகவும் விலங்குகளாகவும் வரைந்தார். 1924-இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது அவருடைய குறிப்பேட்டில் இவற்றைக் கண்டு வியந்தவர் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ. 1930-இல் பாரிஸில் நடைபெற்ற தாகூரின் ஓவியக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. நோபல் பரிசு பெற்றுப் பத்தாண்டுகள் கடந்த பின்னும், அறுபது வயதைத் தாண்டிய பின்னும், அந்தக் கவிஞர் தம் வரிகளை அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டாகக் காந்தியடிகளைச் சிலர் சொல்லக்கூடும். 1909-இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் பத்தே நாள்களில் 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலை அவர் குஜராத்தியில் எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். ஆனால், 1903 முதலே 'இந்தியன் ஒப்பீனியன்' வார இதழில் அவர் தொடர்ந்து எழுதிவந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. பத்து நாள் வேகத்துக்குப் பின்னால் ஆறாண்டுப் பயிற்சி இருந்தது.

சரி, திருத்துவதை எங்கிருந்து தொடங்குவது?

முதலில் வரைவை மூடி வைக்க வேண்டும். சிறுகதையானால் இரண்டு வாரம், நாவலானால் இன்னும் கூடுதல் காலம். எழுதிய சூட்டில் படிக்கும்போது, தாளில் உள்ளதைவிட மனத்தில் உள்ளதையே நாம் படிக்கிறோம். பின்னர் எடுத்துப் படிக்கையில் எழுத்துப்பிழையைத் தொடவே வேண்டாம். இது யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், எந்த இடத்தில் நமக்கே சலிப்புத் தட்டியது என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும். நீக்கப்படவிருக்கும் அத்தியாயத்துக்கு ஒற்றுப்பிழை பார்ப்பது வீண் உழைப்பு.

பெரும்பாலான புதிய எழுத்தாளர்களின் கதைகள் இரண்டாம் பக்கத்தில்தான் உண்மையில் தொடங்குகின்றன. முதல் பக்கத்தைக் காலைப்பொழுதும் வானிலையும் குடும்ப வரலாறும் அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் துணிந்து எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கலாம். எதுவும் குறையவில்லை என்றால், அந்தப் பக்கம் வாசகருக்காக எழுதப்பட்டதன்று. எழுதுபவர் தம்மைத் தயார்படுத்திக்கொள்ள எழுதியது.

அடுத்துத்தான் வாக்கியங்கள். 'அவர் மிகுந்த சோகத்தில் ஆழ்ந்திருந்தார்' என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. 'தட்டில் போட்ட சோறு காயும்வரை அவர் கையை நனைக்கவில்லை' என்று எழுதினால் சோகம் என்ற சொல்லுக்கே தேவையில்லை. 'மிகவும்', 'மிகுந்த', 'பயங்கரமான' போன்ற சொற்களைத் தேடி அடிக்கோடிட்டு, அவை ஒவ்வொன்றும் எதை மறைக்கின்றன என்று கேட்பது நல்ல பயிற்சி. அலுவலகத் தமிழும் கதைக்குள் நுழைந்துவிடுகிறது. 'பயணம் மேற்கொண்டார்' என்பதைப் 'போனார்' என்றும், 'விசாரணை நடத்தப்பட்டது' என்பதை 'விசாரித்தார்கள்' என்றும் மாற்றும்போது வாக்கியம் சுருங்குவதோடு, செயலைச் செய்தவரும் கண்முன் வந்து நிற்கிறார். (செய்திகளில் இத்தகைய தொடர்களைத் தவிர்ப்பது கடினம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளலாம்.)

உரையாடலைச் சோதிக்க உரக்கப் படிப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. வயலில் நிற்கும் மூதாட்டி ஒருவர் 'என்னால் அங்கு செல்ல இயலாது' என்று சொன்னால் காது அதை உடனே மறுக்கும். வட்டார வழக்கை முழுமையாக எழுத வராதவர், இரண்டொரு சொற்களில் அதன் சாயலைக் காட்டிவிட்டு விலகிக்கொள்ளலாம். தெரியாத வழக்கை இட்டுக்கட்டுவது தெரிந்தவர்களை எரிச்சலூட்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று ஒற்றுப்பிழையைக் காட்டுகின்றன. பத்தியையே மாற்றியும் தருகின்றன. முன்னதற்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. பின்னதை அவற்றிடம் ஒப்படைத்தால், கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தையே கைவிட்டதாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு தேவைப்படுவது ஒரு முதல் வாசகர். மைசூரில் இருந்து எழுதிய ஆர்.கே.நாராயணின் முதல் நாவலை லண்டன் பதிப்பகங்கள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பின. மனமுடைந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பரிடம், கையெழுத்துப் படியைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடும்படி எழுதினார். நண்பர் அதை எறியாமல், நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்தார், பரிந்துரைத்தார், தலைப்பையும் மாற்றச் சொன்னார். 1935-இல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வெளியானது. அதன் பின்னரும் நாராயணின் நூல்களைக் கிரீன் அச்சுக்கு முன்பே படித்துக் கருத்துச் சொல்லிவந்தார்.

கிரஹாம் கிரீன் எல்லோருக்கும் கிடைக்கமாட்டார். ஆனாலும், வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் பெரும்பாலும் இதற்குப் பயன்படுவதில்லை. அவர்கள் எழுத்தை விட்டுவிட்டு எழுதியவரையே பார்ப்பார்கள். நிறையப் படிக்கும் வழக்கம் உள்ள ஒருவர், அதிகம் பழகாதவராக இருந்தாலும், போதும். அவரிடம் 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்ற பதில்தான் வரும். 'எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினீர்கள்? எங்கே குழம்பினீர்கள்?' என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம். சுட்டும் இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விளக்கம் சொல்லி வாதாடுவதில் பயனில்லை. அச்சான புத்தகத்தோடு கூடவே போய் விளக்கம் சொல்ல எந்த எழுத்தாளராலும் முடியாது.

திருத்துவதை எப்போது நிறுத்துவது என்பதும் பலரைக் குழப்பும் கேள்வி. நேற்று நீக்கிய சொல்லையே இன்று திரும்பச் சேர்க்கிறோம், நாளை மறுபடியும் நீக்குகிறோம் என்ற நிலை வந்துவிட்டால் வரைவை அனுப்பிவிடலாம். பதில் வரும்வரை காத்திராமல் அடுத்த கதையைத் தொடங்கிவிடுவது நல்லது. அனுப்புவதற்கு முன் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.